வடக்குச் சுவர்

சுதந்திரத்துக்கு முந்தைய சாவுகளைக்
கரையான் தின்றுவிட்டதாம்,
தாலுகா ஆபீசில் சொன்னார்கள்.
மாநகராட்சியில் ஒருவர் கேட்டார்:
"எந்த வார்டு?"
வார்டே இல்லாத காலம் சார்.
"அப்ப நான் எதுலம்மா தேடுறது?"

என்னிடம் இருந்தவை
ஒரு பெயர், ஒரு பாம்பு.
பூட்டன் ஞானாதிக்கம், ரயில்வே கேங்மேன்,
தண்டவாளத்தோரம் பாம்பு தீண்டிச் செத்தார்.
அப்பா சொன்னபோது அது கண்ணாடி விரியன்.
சித்தப்பாவுக்கு நல்ல பாம்பு.
அத்தையிடம் போய்ச் சேர்வதற்குள்
வாய்க்கு ஒரு முழம் வளர்ந்து
படம் எடுத்து ஆடியது.

சமயநல்லூருக்கு மேற்கே
கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடித்துக் கோயிலுக்குப் போனேன்.
உபதேசியார் மதலைமுத்து
ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார்
மரணப் புத்தகம், இரண்டாம் வால்யூம்.
பாச்சை உருண்டை வாசம்.
"ஈரக் கையால தொடாதீக.
பேனா வேண்டாம், பென்சில் வச்சுக்கங்க."

மரிய செங்கோல், எட்டு மாதம், பேதி.
சந்தியாகு, கிணறு வெட்டும்போது.
பெயரிடாத பெண் சிசு,
தகப்பன் பெயர் மட்டும்.
வியாகுலம், அறுபது, மூப்பு.
பிறகு இரண்டு பக்கம் முழுக்கக் காலரா.
சாமியாரின் கையெழுத்து சாய்கிறது, ஓடுகிறது,
ஒரே நாளில் ஒன்பது பேருக்கு
ஒரே தேதியை எழுத மாட்டாமல்
மேற்படி
மேற்படி
மேற்படி.

ஒருவரைத் தேடி வந்தவள்
அரைமணி நேரமாக
ஊரார் சாவில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர்.
வயது முப்பத்தொன்று.
என் மகனுக்கு முப்பத்து மூன்று,
பூட்டன் அவனுக்கு இளையவர்.
காரணம் என்ற கட்டத்தில்
பாம்பு இல்லை.
லத்தீனில் மூன்று சொற்கள்.
உபதேசியார் கண்ணாடியைத் துடைத்தார்.
போட்டார். கழற்றி மறுபடி துடைத்தார்.
"தன் கையாலன்னு போட்டிருக்காக."
அவஸ்தைப்பூசுதல், இல்லை.
துக்க மணி, இல்லை.
குழி எண்ணுக்கு உரிய இடத்தில்
வடக்குச் சுவருக்கு வெளியே, பன்னிரண்டடி.

யார் அவிழ்த்துவிட்டது அந்தப் பாம்பை?
மூன்று பிள்ளைகளோடு நின்றவளா,
அந்தப் பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போனவர்களா?
அவிழ்த்தவர் கெட்டிக்காரர்.
எண்பது வருஷம் எங்களைக் காவல் காத்திருக்கிறது.

கல்லறைத் தோட்டத்துச் சாவி
குழி வெட்டும் சேசுராசிடம்.
வடக்குச் சுவர் ஹாலோ பிளாக்.
சுற்றிக்கொண்டு வெளியே போனேன்:
கருவேல முள், உடைந்த டாய்லெட் பீங்கான்,
மனை விற்பனைக்கு, ஒரு கைபேசி எண்.
பன்னிரண்டடி வைத்துப் பார்த்தால்
ஒரு நாய் படுத்திருந்தது.

சேசுராசு சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.
"அங்கிட்டு என்னம்மா தேடுறீக?
இது எண்பத்திரண்டுல கட்டுன சுவரு.
எடம் பத்தலைன்னு தள்ளிப் போட்டாக.
பழசு இந்தா, இங்கன கெடக்கு."

கல்லறைகளுக்கு நடுவே
கணுக்கால் உயரத்தில்
சுண்ணாம்பும் செங்கல்லுமாய் ஒரு கோடு.

மன்னித்ததாக எங்கும் பதிவில்லை.
எந்த மேற்றிராணியாரும் கையெழுத்துப் போடவில்லை.
யாரோ ஒரு கொத்தனார்
நூலை நாற்பதடி தள்ளிப் பிடித்திருக்கிறார்,
பூட்டன் உள்ளே வந்துவிட்டார்.

என் பாதம் சின்னது, பதினாலு வைத்தேன்.
கறுப்பு கிரானைட்டில் போய் முட்டியது:
ரெஜினாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்.
கொஞ்சம் தள்ளிக்கங்க டீச்சர் என்று
கல்லோரமாய் மெழுகுவர்த்தி வைத்தேன்.
மூன்று தீக்குச்சி அணைந்தது.
நாலாவதைச் சேசுராசு
கை குவித்துப் பற்ற வைத்தார்.

திரும்பும்போது மறுபடி கேட்.
போனில் அத்தை:
"கெடைச்சாரா?"
கெடைச்சார் அத்தை. நல்ல எடம்.
உள்ளதான் இருக்கார்.
"என்ன பாம்புன்னு எழுதியிருக்காகளா?"

வண்டிச் சத்தம் அத்தை,
ஒண்ணும் கேக்கலை, அப்புறம் பேசுறேன் என்றேன்.
வண்டி
இன்னும் வரவில்லை.